தடையும் வலுவும்

மின்கேத்தல் ஒன்றைக் கவிழ்த்து அதன் அடிப்புறத்தை நோக்குவார் மிகச் சிலரே. நோக்குவாராயின், ஆங்கே ஒரு சிறு தகட்டில் 230 உவோற்று என்றும் 2000 உவாற்று என்றும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். பிறந்த பிள்ளைக்குச் சாதகக் குறிப்பு எழுதி வைத்தாற்போல, அக்கருவியைச் செய்தோன் எழுதிவைத்த குறிப்பு அது. கணிக்கத் தெரிந்தவருக்கு அவ்விரண்டு எண்களே போதும். அக்கேத்தல் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும், வீட்டின் எந்தக் குதையிற் செருகத் தகும், மாத முடிவில் வரும் மின்பட்டியலில் எவ்வளவு ஏறும், எவ்விடத்தில் தீங்கு ஒளிந்திருக்கும் என்பனவெல்லாம் அவற்றிலிருந்து வெளிப்படும். இதற்கு வேண்டிய கணிதமோ ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் மாத்திரமே.

தமிழாசிரியனுக்கு மின்னியலில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். பயிற்றப்பட்ட ஆசிரியனாய் யான் முதன்முதல் நியமனம் பெற்ற சிறு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்க வேறொருவர் இலராயினர். ஆகவே வேற்றுமைப் புணர்ச்சியையும் மின்சுற்றையும் ஒரே கரும்பலகையில் அடுத்தடுத்து எழுத நேர்ந்தது. அன்று பிள்ளைகள் கேட்ட வினாக்களும், அவற்றுக்கு விடை தேடப் புகுந்து கற்றவையுமே இக்கட்டுரைக்கு முதல். விஞ்ஞானத்தை வகுப்பறையோடு விட்டுப்போன அன்பர்களையும், இன்று அதனைப் பயிலும் மாணாக்கரையும் ஒருங்கே எண்ணி இதனை எழுதுகின்றேன்.

முதற்கண் சொற்களைத் தெளிந்துகொள்வோம். கம்பியொன்றினூடாக ஏற்றம் பாய்வதே மின்னோட்டம். ஒரு செக்கனில் ஒரு கூலோம் ஏற்றம் கடந்து செல்லுமாயின் அஃது ஓர் அம்பியர். அவ்வேற்றத்தை உந்திச் செலுத்துவது அழுத்த வேறுபாடு. அதனை அளக்கும் அலகு உவோற்று. கூரைமேல் அமைந்த நீர்த்தாங்கியின் உயரத்தை அழுத்தத்துக்கும், குழாயில் ஓடும் நீரின் அளவை மின்னோட்டத்துக்கும், குழாயின் ஒடுக்கத்தைத் தடைக்கும் உவமை கூறுவது நெடுங்கால வழக்கு. உவமை நன்றே. எனினும் குழாய் உடைந்தால் நீர் நிலத்தில் ஒழுகும். கம்பி அறுந்தாலோ மின்னோட்டம் ஒழுகாது, நின்றுவிடும். உவமையை அந்த எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லல் ஆகாது.

உவோற்று என்னும் எழுத்துக்கூட்டலைக் கண்டு இக்கால மாணாக்கர் வியப்பர். வகரம் சொல்லுக்கு முதலாகுங்கால் உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிரோடும் கூடி வாராது என்பது தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் ஒத்த விதி. விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கப்படத் தொடங்கிய ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இலங்கையிற் கலைச்சொல் ஆக்கிய அறிஞர்கள் அவ்விதியை மதித்து, ஓர் உகரத்தை முன்வைத்து, அயற்சொல்லுக்குத் தமிழ்வேடம் பூட்டினர். வாற்று என்று எழுதுதற்கு இலக்கணத்தில் தடை யாதும் இல்லை. ஆயினும் அதுவும் உவாற்று ஆயிற்று. இன்றைய பாடநூல்கள் வோல்ற்று, வாற்று என்றே எழுதுகின்றன. பிள்ளைகள் எதனை எழுதினாலும் யான் புள்ளி குறைப்பதில்லை. ஆயினும் என் கை பழைய வடிவத்தையே எழுதுகின்றது. தடை, வலு என்னும் இரண்டும் நம் நாட்டவர் தெரிந்தெடுத்த நல்ல சொற்கள். வலு என்பதைத் தமிழகத்தார் திறன் என்பர்.

இனி, பெருக்கல் ஏன், வகுத்தல் ஏன் என்பதைக் காண்போம். சூத்திரத்தை மனனஞ் செய்தவனுக்கு அது பரீட்சை மண்டபத்து வாயிலோடு மறந்துபோகும். காரணத்தைக் கண்டவனுக்கு மறவாது. ஒரு கூலோம் ஏற்றம் ஒரு கருவியைக் கடக்கும்போது ஒரு யூல் சத்தியை அங்கே விடுமாயின், அக்கருவியின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு ஓர் உவோற்று என்பதே உவோற்றின் இலக்கணம். ஆகவே 230 உவோற்று என்றால் ஒவ்வொரு கூலோமும் 230 யூல் சத்தியைக் கொண்டுவந்து இறக்குகின்றது என்பது பொருள். ஒரு செக்கனில் எத்தனை கூலோம் வருகின்றன என்பதைச் சொல்வது அம்பியர். ஒவ்வொரு மூடையிலும் இத்தனை கிலோ அரிசி, ஒரு மணித்தியாலத்தில் இத்தனை மூடை வண்டியேறுகின்றது என்றால், மணித்தியாலத்துக்கு ஏறும் அரிசியை எப்படிக் கணிப்போம்? இரண்டையும் பெருக்குவோம். அவ்வாறே உவோற்றையும் அம்பியரையும் பெருக்கினால் ஒரு செக்கனிற் செலவாகும் சத்தி கிடைக்கும். அதுவே வலு. ஒரு செக்கனில் ஒரு யூல் செலவாயின் ஓர் உவாற்று.

உவாற்று எத்துணைப் பெரிது என்பதைக் கைகளால் உணர விரும்புவார் நம்மூர்க் கிணற்றடிக்குச் செல்லலாம். 20 லீற்றர் கொள்ளும் பட்டை நிறைய நீரை 10 மீற்றர் ஆழத்திலிருந்து மேலே கொணர 1960 யூல் வேலை வேண்டும். 2000 உவாற்றுக் கேத்தல் ஒவ்வொரு செக்கனிலும் செலவிடுவது ஏறத்தாழ அவ்வளவே. செக்கனுக்கு ஒரு பட்டையாக இடையறாது நீர் இறைக்கவல்ல ஆள் எங்கும் இல்லை. தேநீருக்கு நீர் கொதிக்கும் அந்த இரண்டரை நிமிட நேரத்தில் நம் சமையலறையில் அப்படியொரு பூதம் வேலை செய்கின்றது.

1990இற்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளில் வளர்ந்தவர்களுக்கு இவ்வுண்மையை ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இரவுச் செய்தி கேட்பதற்குத் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னூட்டினோம். மின்கலம் கிடையாத காலம் அது. அந்தத் தைனமோவின் அளவு 6 உவோற்று, 3 உவாற்று. 3ஐ 6ஆல் வகுத்தால் அரை அம்பியர். 6ஐ அரையால் வகுத்தால் 12 ஓம்; அது வண்டியின் முன்விளக்குக்கு உரிய தடை. தைனமோ தருவது ஆடலோட்டம் ஆதலின் இருவாயிகளை இடையிட்டே வானொலிக்குக் கொடுத்தல் வேண்டும். இதனை மின்னியல் நூலைக் கண்ணாலும் காணாத ஊர்ப் பையன்கள் செய்து முடித்தனர். வேகமாகச் சுழற்றினால் அழுத்தம் ஏறி வானொலி பழுதாகும். மெல்லச் சுழற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டு ஓய்ந்துபோகும். சிறு வானொலி ஒன்றைப் பாடவைக்க மூன்று உவாற்றே மிகையாகப் போதும். ஆயினும் செய்தி முடியுமுன்னரே தோள் நோகும். அந்தத் தோள்நோவை நினைவிற் கொண்டு, இன்று விரல் நுனியால் அமுக்கிவிட்டுப் போகும் 2000 உவாற்றை எண்ணிப் பார்த்தல் தகும்.

வகுத்தலுக்கு வருவோம். உவோற்றை அம்பியரால் வகுத்தாற் கிடைப்பது தடை. அதன் அலகு ஓம். இப்பெயருக்குரியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதனால் அவர் கதையைச் சற்று விரித்துக் கூறுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கியோகு சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு செருமனியில் எர்லாங்கன் என்னும் ஊரில் ஒரு பூட்டுத்தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தார். தந்தை தாமாகவே கணிதம் கற்றவர். மக்களுக்கும் தாமே கற்பித்தவர். 1817இல் ஓம் கொலோன் நகரத்து உயர்பள்ளியிற் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியரானார். அப்பள்ளியில் நல்ல ஆய்கூடம் ஒன்று இருந்தது. பாடம் முடிந்த வேளைகளில் அங்கே அவர் கம்பிகளோடு பொழுது கழித்தார்.

1825இல் அவர் வெளியிட்ட முதற்கட்டுரையிற் கண்ட சூத்திரம் பிழையானது. அவர் பயன்படுத்திய மின்கலவடுக்கு நிலையான அழுத்தம் தராது, அளந்துகொண்டிருக்கும்போதே தளர்ந்தமையே அதற்குக் காரணம். பொகண்டோவ் என்னும் அறிஞர் வெப்பவிணையைப் பயன்படுத்துமாறு அறிவுரை கூறினார். ஓம் பிசுமதையும் செம்பையும் இணைத்து, ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மற்றையதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரின் வெப்பநிலையும் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையும் மாறாதன அன்றோ? ஆகவே அழுத்தமும் மாறாது நின்றது. ஒரே தடிப்பும் வெவ்வேறு நீளமும் கொண்ட செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, மின்னோட்டம் காந்த ஊசியை எவ்வளவு திருப்புகின்றது என்று அளந்தார். கம்பி நீள நீள ஓட்டம் குறைந்த முறை ஓர் எளிய வகுத்தற் கணக்காய் அமைந்தது. 1827இல் அதனைக் கணித முறையில் நிறுவி நூலாக வெளியிட்டார்.

செருமானியப் பேராசிரியர் பலர் அதனை மதித்திலர். ஓம் தம் கொலோன் பதவியை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் தக்க வேலையின்றி இருந்தார். 1841இல் இலண்டன் வேத்தியற் கழகம் கொப்பிளிப் பதக்கம் அளித்த பின்னரே உலகம் அவர் பெயரைக் கேட்டது. பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி 1852இல் வந்தது. 1854இல் அவர் காலமானார். 1881இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாடு அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. அவருக்கு முன்னரே, 1781 அளவில், இங்கிலாந்திற் கவென்டிசு என்பார் இவ்வுண்மையைக் கண்டிருந்தார். மானி இல்லாத அக்காலத்தில் தம் உடலிலே மின்னைப் பாய்ச்சி, அதிர்ச்சி எதுவரை ஏறுகின்றது என்பதைக் கொண்டு ஓட்டத்தை மதிப்பிட்டார். கண்டதை வெளியிடாது வைத்துவிட்டார். மட்சுவெல் அக்குறிப்புகளைப் பதிப்பித்தது 1879இல். மாணாக்கர் அவருடைய கூர்மையைப் பின்பற்றுக. அவருடைய மானியைப் பின்பற்றற்க.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். உவோற்றை அம்பியரால் வகுத்தால் வருவது அந்நேரத்துத் தடை என்பது வெறும் இலக்கணம். எந்தக் கருவிக்கும் அது பொருந்தும். உலோகக் கம்பியின் வெப்பநிலை மாறாதிருக்கையில் அந்த ஈவும் மாறாதிருக்கும் என்பதே ஓமின் விதி. வெப்பநிலை மாறினால் தடையும் மாறும். இதற்கு நல்ல சான்று பழைய இழைக்குமிழ். 60 உவாற்றுக் குமிழில் ஓடுவது 60ஐ 230ஆல் வகுக்க வரும் 0.26 அம்பியர். அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். ஆனால் எரியாத குமிழைக் கழற்றி ஓம்மானியால் அளந்தால் 60, 70 ஓம் மாத்திரமே காட்டும். மானி பழுதென்று அதனைத் திருப்பிக் கொடுக்கப் போன மாணவன் ஒருவனை அறிவேன். மானி பொய் சொல்லவில்லை. எரியும்போது தங்குதன் இழையின் வெப்பநிலை ஏறத்தாழ 2,500 பாகை செல்சியசு ஆதலின் தடை பதின்மடங்குக்கு மேல் ஏறிவிடுகின்றது. ஆளியைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருத்தலால் மூன்று அம்பியருக்கு மேல் பாய்கின்றது. பழைய குமிழ்கள் பெரும்பாலும் ஆளியைப் போடும் கணத்திலேயே உயிர்விட்டமைக்குக் காரணம் இதுவே. இன்று அந்த ஒளியை 9 உவாற்று எல்ஈடிக் குமிழ் தருகின்றது. அக்குமிழோ ஓமின் விதிக்குக் கட்டுப்படாத வேறு இனம்.

மாறாக, கேத்தலின் சூடேற்றும் சுருள் நிக்குரோம் என்னும் கலப்புலோகத்தால் ஆனது. சூடேறினும் அதன் தடை அதிகம் மாறாது. ஆகவே கணக்குக்குக் கேத்தலே வசதியானது. ஆய்கூடத்திலானால் அம்பியர்மானியைச் சுற்றிலே தொடராகவும், உவோற்றுமானியைக் கருவியின் இரு முனைகளுக்கும் குறுக்கே சமாந்தரமாகவும் இணைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்தல் வேண்டும். 230 உவோற்று, 8.7 அம்பியர் என்று வாசித்தோமாயின், வகுக்க 26.4 ஓம், பெருக்க 2001 உவாற்று. மானிகள் இல்லாத வீட்டில் தகட்டிலுள்ள எண்களைக் கொண்டு எதிர்வழியே சென்றாலும் இவ்விடையே வரும்.

அழுத்தம், ஓட்டம், தடை என்னும் மூன்றில் எவையேனும் இரண்டு தெரிந்தால் வலுவைக் காணலாம். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினாலும் வலு வரும். அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தாலும் வலு வரும். இவ்விடத்திலேதான் ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு கை உயரும். “ஐயா, முதற் சூத்திரத்தின்படி தடை கூடினால் வெப்பம் கூடும், இரண்டாவதின்படி தடை கூடினால் வெப்பம் குறையும். எது சரி?”

வினாவிய பிள்ளையை யான் மிகவும் மெச்சுவேன். இதனைக் கேளாதவன் சூத்திரங்களை வாசிக்கவில்லை என்பதே என் துணிபு. இரண்டும் சரி. எது மாறாது நிற்கின்றது என்பதிலேதான் விடை தங்கியுள்ளது. வீட்டுக் கருவிகள் யாவும் சமாந்தரமாக இணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் அதே 230 உவோற்று. அழுத்தம் மாறாது நிற்கையில், தடை குறைந்த கருவியே கூடுதலாக ஓட்டம் வாங்கிக் கூடுதலாகச் சூடேறும். 1000 உவாற்றுக் கேத்தலுக்கு 52.9 ஓம், 2000 உவாற்றுக் கேத்தலுக்கு அதிற் பாதி. ஆனால் சுவருள் ஓடும் கம்பியும், செருகியும் குதையும் தொடும் இடமும் கேத்தலோடு தொடராக நிற்பவை. அவற்றினூடு செல்லும் ஓட்டத்தைத் தீர்மானிப்பது கேத்தலே. அவை வாய்பேசாது அதனைச் சுமக்கும். ஓட்டம் ஒன்றேயாக நிற்கையில், தடை கூடிய இடமே கூடுதலாகச் சூடேறும். ஆகவேதான் கேத்தலின் சுருள் கொதிக்க, அதே ஓட்டத்தைத் தாங்கும் நல்ல செம்புக்கம்பி குளிர்ந்திருக்கின்றது.

மின்னோட்டத்தால் எழும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் ஏற்ப அமையும் என்பதை 1840 அளவில் அளந்து நிறுவியவர் மாஞ்செசுற்றரை அடுத்த ஊரில் மதுவடிப்போர் குடும்பத்திற் பிறந்த யூல். வர்க்கம் என்னும் அச்சொல்லைச் சிறிதாக எண்ணற்க. ஓட்டம் இரட்டித்தால் கம்பியின் வெப்பம் நான்கு மடங்கு. தொலைவுக்கு மின்னனுப்புவோர் உயர்ந்த அழுத்தத்தை நாடுவதும் இதனாலேயே. 10,000 கிலோவாற்றை 10,000 உவோற்றில் அனுப்பினால் 1,000 அம்பியர் ஓடும்; வழியிலுள்ள ஒவ்வோர் ஓமிலும் 1,000 கிலோவாற்று வீணாகும். அதே வலுவை 1,00,000 உவோற்றில் அனுப்பினால் 100 அம்பியரே போதும். ஓமுக்கு இழப்பு 10 கிலோவாற்று. மலைநாட்டிலிருந்து வரும் கோபுரக் கம்பிகள் 1,32,000 உவோற்றையும் 2,20,000 உவோற்றையும் சுமந்து நிற்பதன் இரகசியம் இதுவே.

வீட்டுக்கு மீள்வோம். மின்வழியின் கடைக்கோடியில் வசிப்போர் அறிவர்: மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றியதும் 230 உவோற்று தளர்ந்து 180 ஆகிவிடும். கேத்தலின் தடை 26.4 ஓம் ஆகவே நிற்கும். ஓட்டம் 6.8 அம்பியராகக் குறையும்; வலு 1,225 உவாற்றாகும். அழுத்தம் காற்பங்களவு குறையவில்லை. வலுவோ மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. இதுவும் வர்க்கத்தின் வேலை. 30 பாகையில் உள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க 2,94,000 யூல் வேண்டும். 2000 உவாற்றில் இரண்டரை நிமிடம், 1,225 உவாற்றில் நான்கு நிமிடம். கேத்தல் சுணங்குவதால் மின்பட்டியல் ஏறும் என்று அஞ்சுவாரும், குறைந்த வலுவால் பட்டியல் இறங்கும் என்று மகிழ்வாரும் உளர். இருவர் எண்ணமும் பெரிதும் பொருந்தாது. பட்டியலில் எழுதப்படும் அலகு, 1000 உவாற்று ஒரு மணித்தியாலம் செலவாகும் சத்தி. அது 36 இலட்சம் யூல். ஒரு லீற்றர் நீருக்கு எப்படிப் பார்த்தாலும் அலகில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கே. நேரம் நீள்வதாற் காற்றில் வீணாகும் வெப்பம் மாத்திரமே மிகை.

குளிர்சாதனப்பெட்டி, மின்விசிறி, நீர்ப்பம்பி முதலிய மோட்டர்க் கருவிகளுக்கு இக்கணக்கை அப்படியே பொருத்தல் கூடாது. அவற்றில் ஆடலோட்டமும் அழுத்தமும் ஒரே கணத்தில் உச்சியை எட்டுவதில்லை. ஆதலின் உவோற்றையும் அம்பியரையும் பெருக்கி வருவது மெய்யான வலுவினும் மிகையாய் இருக்கும். மின்பிறப்பாக்கி விற்போர் கேவீஏ என்று சொல்வது அந்தப் பெருக்கத்தையே. மேலும், அழுத்தம் தளர்ந்தால் கேத்தல் குறைவாக ஓட்டம் வாங்கும். சுமையோடு திணறும் மோட்டரோ கூடுதலாக வாங்கிச் சூடேறும். மாலைவேளையில் பெட்டியை நிறுத்திவைக்கும் நம் அன்னையர் வழக்கத்துக்கு இதிலே நியாயம் உண்டு.

இனி, இக்கணக்கை எல்லாரும் கற்க வேண்டும் என்று யான் வற்புறுத்துவதற்கான காரணத்துக்கு வருகின்றேன். பழைய வீடுகளில் உருண்டைக்காற் குதைகள் இன்னும் உள. அவற்றிற் சிறியது 5 அம்பியருக்கு உரியது. 5ஐ 230ஆற் பெருக்க 1,150 உவாற்று. அதுவே அதன் எல்லை. கடையில் இடைச்செருகி ஒன்றை வாங்கி அந்தக் குதையிலே 2000 உவாற்றுக் கேத்தலை மாட்டிவிடுகின்றோம். 5 அம்பியர் சுமக்கப் பிறந்த கம்பி 8.7 அம்பியர் சுமக்கின்றது. ஓட்டத்தின் வர்க்கத்தை எடுத்துப் பார்த்தால் அதன் வெப்பம் மும்மடங்கு. அங்கே தக்க உருகி இருந்தால் எரிந்து நம்மைக் காக்கும். உருகி அடிக்கடி எரிகின்றதே என்று சலித்து, தடித்த செம்புக்கம்பி ஒன்றை முறுக்கி அவ்விடத்தில் வைத்திருந்தால், எரிவதற்கு அடுத்ததாய் உள்ளது வீட்டின் கம்பியே.

அதனினும் கொடியது ஒன்று உண்டு. அதனை உருகியும் காணாது. குதையின் பிடி தளர்ந்தோ, செருகியின் காலிற் களிம்பேறியோ, தொடுமிடத்தில் அரை ஓம் தடை உண்டாயிற்று என்க. அரை ஓம் ஒரு பொருட்டா எனலாம். மொத்தத் தடை 26.9 ஓம், ஓட்டம் 8.5 அம்பியர். தளர்ந்த அந்த இடத்தில் எழும் வெப்பம், 8.5இன் வர்க்கத்தை அரையாற் பெருக்க, 36 உவாற்று. ஈயப்பற்றாசு உருக்கும் சூட்டுக்கோலின் வலு பெரும்பாலும் அவ்வளவே. அதாவது, சுவரிலுள்ள பிளாத்திக்குப் பெட்டிக்குள் ஒரு சூட்டுக்கோலைச் சொருகி வைத்திருக்கின்றோம். ஓட்டமோ கூடவில்லை, சிறிது குறைந்தே உள்ளது. ஓட்டத்தை மாத்திரமே பார்க்கும் உருகிக்கு இதில் குற்றம் ஒன்றும் தெரியாது. கேத்தலும் வழமைபோற் கொதிக்கும். குதை மஞ்சளித்தல், செருகியைக் கழற்றும்போது கால்கள் கையைச் சுடுதல், கருகல் மணம் வருதல் ஆகியனவே நமக்குக் கிடைக்கும் அறிகுறிகள். அவற்றைக் கண்டபின்னும் அந்தக் குதையைப் பயன்படுத்துதல் கூடாது.

இறுதியாக, நம் உடலும் ஒரு தடையே. உலர்ந்த தோல் பல ஆயிரம் ஓம் தடை தரும். ஈரக்கையும் வெறுங்காலுமாய் நிற்கையில் அது 1,000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 230ஐ 1,000ஆல் வகுக்க 0.23 அம்பியர். முன்னர்க் கண்ட 60 உவாற்றுக் குமிழின் ஓட்டம் 0.26 என்பதை நினைவுகூர்க. அந்தக் குமிழை முழு ஒளியோடு எரிக்கவும் போதாத அந்த ஓட்டம் ஒரு மனிதரைக் கொல்லப் போதும். 10 மில்லியம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகிப் பற்றிய கம்பியை விடமுடியாமற் போகலாம். 50க்கு மேற்பட்டுச் சில செக்கன் நீடிப்பின் இதயம் ஒழுங்கிழந்து துடிக்கலாம். காட்டுப்பன்றிக்கென்று வேலிக்கம்பியிலே வீட்டு மின்னை நேராகக் கொடுப்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக. அக்கம்பியைப் பன்றி மாத்திரமன்றி விடிகாலையில் வரம்பிலே நடப்பவரும் தொடுவர், யானையும் தொடும்.

0.23 அம்பியருக்கு 5 அம்பியர் உருகி அசையவும் மாட்டாது. உருகி வீட்டைக் காப்பது, ஆளைக் காப்பதன்று. ஆளைக் காப்பதற்கென்றே அமைந்தது ட்ரிப் சுவிச்சு. ஒரு கம்பியாற் போகும் ஓட்டமும் மற்றையதால் மீளும் ஓட்டமும் சமமா என்று அது இடையறாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லியம்பியர் அளவு வேறுபட்டால், அவ்வளவும் எவர் உடலினூடோ நிலத்துக்குப் போகின்றது என்று கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னைத் துண்டித்துவிடும். அதன் முகத்திலே பரிசோதனைக்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதனை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியதும் சுவிச்சு விழாதாயின், தகுதிபெற்ற மின்வேலையாளரை அழைத்து அன்றே அதனை மாற்றுவித்தல் வேண்டும்.